பழைய போட்டை எறியுமுன்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளிலும், உவர்மலை, உப்புவெளி, சீனன்குடா, கிண்ணியா முதலிய இடங்களிலும் மடிக்கணினி திருத்தும் தொழிலை நடத்திவரும் அன்பர்களுக்கு,

மதர்போட் பழுதுபட்ட மடிக்கணினியொன்றுக்கு வேறொரு போட்டைத் தேடிப்பிடித்துப் பொருத்தி, உரிமையாளர் தம் வசதிக்கேற்ப முன்பே மாற்றியமைத்து வைத்திருந்த பயோஸை அப்புதிய போட்டிலும் ஏற்ற முயன்று, அது எழும்பாமலோ, எழும்பியும் நிலைத்து நில்லாமலோ போனபின், ‘வந்த போட்டும் பழுது’ என்ற தீர்ப்போடு திருப்பி அனுப்பப்பட்ட யந்திரங்கள் அண்மைக்காலமாக என் மேசைக்கு அடிக்கடி வந்துசேர்கின்றன. அவற்றுட் பலவற்றில் போட் யாதொரு குற்றமும் அற்றதாயிருக்கக் கண்டேன். ஆதலின் உங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன்: பழைய போட்டை எறிவதற்கு முன்பும், புதிய போட்டில் எதையேனும் எழுதுவதற்கு முன்பும், இரண்டினுடைய பயோஸ் சிப்பையும் முழுமையாகப் படித்துப் பிரதி எடுத்து, உரிமையாளரின் பெயரிட்டுப் பத்திரப்படுத்துங்கள். இம்மடலில் நான் சொல்லும் மற்றெல்லாம் இந்த விண்ணப்பத்துக்கான காரணங்களே.

நமது ஊரில் போட் மாற்றும் வேலை மற்ற ஊர்களிலும் பார்க்க அதிகமாக இருப்பதன் காரணத்தை நீங்கள் நன்கறிவீர்கள். கடற்காற்றை மடிக்கணினியின் விசிறி இரவும் பகலும் உள்ளே இழுக்கிறது. அக்காற்றோடு வந்து படியும் உப்பு ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை பொழியும் காலத்தில் அந்த ஈரம் உலர்வதற்கு வழியே இல்லாமற் போய், சிப்புகளின் கால்களுக்கிடையே பச்சை பூத்து, மின்சாரம் போகவேண்டாத வழியிற் கசிந்து, ஈற்றில் போட் அடங்கிவிடுகிறது. இதனோடு 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலரின் விலை சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியதையும் மறந்தவர் நம்முள் இரார். புதிய மடிக்கணினி வாங்குவது ஆசிரியருக்கும் மாணவருக்கும் எட்டாத காரியமாகிவிட்டபடியால், பத்து ஆண்டுகளைக் கடந்த யந்திரங்களைத் திருத்தித் திருத்திப் பாவிக்கும் வழக்கம் வேரூன்றியது. அந்தப் பழைய யந்திரங்களுக்கு ஆயுள் நீட்டிக்கும் உபாயங்களுள் ஒன்றாகவே பயோஸை மாற்றியமைக்கும் வழக்கமும் பரவியது.

இவ்வழக்கத்தைக் குறைவாக மதித்து, ‘பயோஸில் கைவைத்த யந்திரத்தை நாங்கள் தொடமாட்டோம்’ என்று திருப்பி அனுப்பும் அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. லெனோவோ நிறுவனம் 2012இல் வெளியிட்ட திங்பாட் எக்ஸ்230 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயோஸ், தான் அனுமதித்த வைஃபை அட்டைகளின் பட்டியலொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால் 1802 என்ற பிழை எண்ணைத் திரையிற் காட்டி, அதற்கு அப்பால் நகர மறுக்கிறது. பழைய அட்டை செத்துப்போன பின், கிடைத்ததொரு நல்ல அட்டையைப் பொருத்துவதற்காக அந்தப் பட்டியலை நீக்கிய பயோஸை ஏற்றிக்கொண்ட ஓர் ஆசிரியர் எந்தத் தவறும் செய்தவரல்லர். தம் பணத்தில் வாங்கிய பொருளைத் தமக்குப் பயன்படுமாறு செய்துகொண்டவர். இன்னும் சிலர், 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் ரொன் மினிச் என்பவர் தொடங்கி, 2008 முதல் கோர்பூட் என்ற பெயரோடு வளர்ந்துவரும் திறந்த பயோஸையே முழுமையாக ஏற்றியிருப்பர். இவர்களை மரியாதையோடு வரவேற்று, ‘என்ன மாற்றியிருக்கிறீர்கள், எப்போது மாற்றினீர்கள், முதற்பிரதி இருக்கிறதா’ என்று வேலையை ஏற்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை. கேட்கப்படாத காரணத்தால் அவர்கள் சொல்வதில்லை. சொல்லப்படாத காரணத்தால் நாம் இருட்டில் தடவுகிறோம்.

இனி அந்தச் சிறிய சிப்பினுள் இருப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க அனுமதியுங்கள், ஏனெனில் பயோஸ் என்று நாம் ஒரே சொல்லாற் சுட்டும் அந்தப் பொருள் உண்மையில் பல பகுதிகளின் கூட்டம் என்பதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தொல்லைகள் பிறக்கின்றன. எக்ஸ்230இல் 8 மெகாபைற் கொண்ட ஒன்றும் 4 மெகாபைற் கொண்ட ஒன்றுமாக எட்டுக் கால் சிப்புகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்த 12 மெகாபைற்றில், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கூறும் விவரணப் பகுதி முதலிலும், கம்பிவழி வலையமைப்புக்குரிய மக் முகவரியைத் தாங்கும் மிகச் சிறிய பகுதி அதையடுத்தும், இன்டெல் நிறுவனத்தின் மனேஜ்மென்ட் என்ஜின் என்னும் தனிச் சிறு கணினிக்குரிய ஏறக்குறைய 5 மெகாபைற் அதன் பின்னும், பயோஸ் என்று உண்மையிற் சொல்லத்தக்க 7 மெகாபைற் இறுதியிலும் அமைந்திருக்கின்றன. இந்த 7 மெகாபைற் ஒரு சிப்பில் அடங்காமல் இரண்டு சிப்புகளிலும் பரந்து கிடக்கிறது. ஆகவே ஒரு சிப்பை மட்டும் படித்துவிட்டு ‘பயோஸ் எடுத்தாயிற்று’ என்று திருப்தியடைபவர் பாதியையே எடுத்தவராவார். உற்பத்தியாளர் இலவசமாக வழங்கும் புதுப்பிப்புக் கோப்பைக் கொண்டு முழுச் சிப்பையும் நிரப்பிவிடலாம் என்று நினைப்பதும் அவ்வாறே பிழை. அக்கோப்பு அந்த யந்திரத்துக்கே உரிய மக் முகவரியையும் பிற அடையாளங்களையும் தன்னிடம் கொண்டதன்று.

என் தகப்பனார் டொக்யார்டில் பிற்றராக வேலை பார்த்தவர். கப்பல் யந்திரமொன்றைப் பிரிக்குமுன் அதன் ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து கொப்பியில் எழுதிய பின்னரே முதல் மரையைத் தளர்த்தவேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த நியமம். நம் தொழிலில் அந்த அளத்தலுக்குச் சமமானது சிப்பைப் படித்தல். அதற்கு நம்மிற் பலர் பயன்படுத்தும் சிஎச்341ஏ என்னும் மலிவான புரோகிராமரின் கறுப்பு வகையில், சிப்புக்கு 3.3 வோல்ற் சென்றாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ற் ஏறுகின்ற குறை ஒன்று உண்டு. அதனைத் திருத்தாமற் பிடித்துக்கொண்டு, சிப்பைப் படிக்கையிலேயே பழுதாக்கிவிடும் அபாயத்தை அலட்சியம் செய்யவேண்டாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 1.8 வோல்ற் சிப்புகள் வருகின்றன. அவற்றுக்கு இடையில் பொருத்தும் தனி அடப்டர் இன்றியமையாதது. சார்ஜரையும் பிரதான பற்றரியையும் கழற்றிவிட்டு, முதலாம் காலைக் காட்டும் புள்ளியைப் பார்த்துக் கிளிப்பைப் பூட்டி, குறைந்தது இருமுறை தனித்தனியாகப் படித்து, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கெழுத்து ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிளிப்பின் கால் ஒன்று உப்புப் பூத்த ஈயத்தின்மேல் சரியாகப் பதியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு கோப்பு கிடைக்கும். அப்படிக் கிடைத்த பிரதியைப் புதிய போட்டில் எழுதுவது, புதிய போட்டையும் நாமே கெடுப்பதாகும். கால்களை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துலக்கிய பின் மறுபடியும் படியுங்கள். இறந்த போட்டிலும் சிப் பெரும்பாலும் உயிரோடிருக்கிறது என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன்; மின்வழிப் பகுதி எரிந்து கருகிய போட்டுகளிலிருந்து கூட முழுப் பிரதியைக் குறையின்றி எடுத்திருக்கிறேன்.

புதிய போட் வந்ததும் உடனடியாக மாற்றிய பயோஸை ஏற்றிவிடும் அவசரமே அடுத்த பெருந்தொல்லை. போட் புதிது, பயோஸும் புதிது என்று இரண்டையும் ஒரே வேளையில் மாற்றிய பின் யந்திரம் எழும்பாவிட்டால், குற்றவாளி இவ்விரண்டில் எது என்று தீர்மானிக்க யாராலும் இயலாது. ஆகவே முதலில், வந்த போட்டை அதன் சொந்தப் பயோஸோடு, ஒரே ஒரு நினைவக அட்டையை மட்டும் செருகி, வன்தட்டும் வைஃபை அட்டையும் இன்றி எழுப்பிப் பாருங்கள். திரை வருமாயின் போட்டைப் பற்றிய சந்தேகம் அந்த நிமிஷத்திலேயே தீர்ந்தது. இந்த நிலையில் 2200 அல்லது 2201 என்ற எண் தோன்றினாலும் கலங்கவேண்டாம். தொடர் எண்ணும் யந்திர அடையாள எண்ணும் எழுதப்படாத மாற்றுப் போட் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. உற்பத்தியாளரின் பராமரிப்பு வட்டைக் கொண்டு, அடித்தட்டில் ஒட்டியுள்ள தாளைப் பார்த்து எழுதிவிடலாம். கொழும்பிலிருந்து, குறிப்பாகப் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவைச் சுற்றிய கடைகளிலிருந்து, பாவித்த போட் வாங்குவோர், நிர்வாகிக் கடவுச்சொல் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் இப்படியே எழுப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது, இம்மடலை எழுதத் தூண்டிய யந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கற்கும் மாணவி ஒருவருடைய எக்ஸ்230 அது. போட் மாற்றப்பட்டு, பட்டியல் நீக்கிய பயோஸும் ஏற்றப்பட்டு, திரையும் வந்து, விண்டோஸும் திறந்து, எல்லாம் செவ்வையாக நடப்பதுபோலத் தோன்றி, அரை மணித்தியாலத்தில் ஒரு சத்தமும் இன்றி அணைந்துவிடும். எந்தக் கடையில் வேலை நடந்தது என்பது இங்கு வேண்டாத விஷயம். அங்கிருந்தவர்கள் சிரத்தையற்றவர்களும் அல்லர். வெப்பம் என்று எண்ணி வெப்பப் பசையை மாற்றினார்கள், விசிறியை மாற்றினார்கள், சார்ஜரையும் நினைவக அட்டையையும் மாற்றிப் பார்த்தார்கள், விண்டோஸைப் புதிதாக நிறுவினார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை பணம் கொடுத்தார். பரீட்சைக் காலம் வேறு.

வெப்பத்தால் அணையும் யந்திரம் ஒரே நேரக்கணக்கில் அணைவதில்லை. வேலை கூடினால் விரைவிலும், சும்மா இருந்தால் தாமதித்தும், காலைக் குளிரில் இன்னும் தாமதித்தும் அணையும். இந்த யந்திரமோ, படம் ஓடவிட்டாலும் சும்மா விட்டாலும், ஏறக்குறைய அதே 30ஆவது நிமிஷத்தில் அணைந்தது. வன்தட்டைக் கழற்றிவிட்டு, பயோஸின் அமைப்புத் திரையிலேயே நிறுத்தி வைத்தபோதும் அதே நேரத்தில் அணைந்தது. விண்டோஸ் குற்றமற்றது என்பது அதனால் நிச்சயமாயிற்று, வெப்பமும் அன்று. யாரோ உள்ளிருந்து கடிகாரம் பார்த்து அணைக்கிறார்கள் என்பதே மிஞ்சிய முடிவு. 2008ஐ ஒட்டிய காலந்தொட்டு வந்த இன்டெல் யந்திரங்களில், மனேஜ்மென்ட் என்ஜினுக்குரிய பகுதி இல்லாவிட்டாலோ சிதைந்திருந்தாலோ, யந்திரம் தன்னை 30 நிமிஷத்தில் அணைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 8 மெகாபைற் சிப்பைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பகுதி முழுவதும் வெறுமையாயிருந்தது. எங்கிருந்தோ இறக்கிய கோப்பொன்று, விவரணப் பகுதியையும் பயோஸ் பகுதியையும் மட்டும் உடையது, மீதியெல்லாம் நிரப்பெழுத்தாகச் சேர்க்கப்பட்டது, முழுச் சிப்பின்மேலும் எழுதப்பட்டிருந்தது. புதிய போட்டின் முதற்பிரதி எடுக்கப்படவில்லை. பழைய போட்டோ குப்பைக்குப் போய்விட்டது. அதே வகை யந்திரமுடைய ஓர் அன்பர் தம் சிப்பைப் படிக்க அனுமதித்தபடியால், அதிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இதில் வைத்தபின் யந்திரம் அணைவது நின்றது. இரண்டு போட்டுகளுள் ஏதேனும் ஒன்றின் பிரதி இருந்திருந்தால் இவ்வேலை ஒரு தேநீர் ஆறுமுன் முடிந்திருக்கும். அந்த மாணவி செலவிட்ட பணத்தில் ஒரு சதமும் வீணாகியிராது. மனேஜ்மென்ட் என்ஜினை வேண்டாமென்போர் கூட, நிக்கோலா கொர்னா எழுதிய மீ கிளீனர் என்னும் கருவியைப் போல, தொடக்கத்துக்கு அவசியமான சிறு பகுதியை விட்டுவைத்தே மற்றதை நீக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

சிப் முழுவதையும் சரியாக மாற்றி எழுதிய பின்னும் சில மாற்றங்கள் திரும்பிவராமல் இருப்பது உண்டு. எக்ஸ்230இல் பழைய எக்ஸ்220இன் ஏழு வரிசைக் கீபோட்டைப் பொருத்தி, அதற்கிசைய மாற்றம் செய்தவர்கள் பலர். அந்த மாற்றம் இருப்பது பயோஸ் சிப்பில் அன்று. கீபோட்டையும் பற்றரியையும் விசிறியையும் ஆளும் வேறொரு கட்டுப்பாட்டுச் சிப்பில். போட் மாறினால் அதுவும் மாறிவிடும். போட் மாற்றியபின் சில விசைகள் வேறு எழுத்தைத் தருமாயின் கீபோட்டைக் குறைகூறாமல் இதை நினையுங்கள். அந்தச் சிப்புக்கான மாற்றம் உற்பத்தியாளரின் பயோஸ் இருக்கும்போதே செய்யப்படவேண்டியது. கோர்பூட்டை ஏற்றிய பின் அதற்கு வழியில்லை.

2013ஐ ஒட்டி வந்த நாலாம் தலைமுறை இன்டெல் யந்திரங்கள் தொட்டு நிலைமை கடினமாகியிருக்கிறது. பூட் கார்ட் என்னும் ஏற்பாட்டின்படி, உற்பத்தியாளருடைய திறவுகோலின் சுவடு சிப்செற்றுக்குள் அழியாதபடி எரித்துப் பதிக்கப்படுகிறது. அது பதிக்கப்பட்ட போட்டில், அவருடைய கையொப்பம் இல்லாத பயோஸ் ஓர் அணுவும் ஓடாது. பழைய போட்டில் அது பதிக்கப்படாதிருந்து, புதிய போட்டில் பதிக்கப்பட்டிருக்குமாயின், முன்பு நன்றாக ஓடிய அதே மாற்றிய பயோஸ் இங்கே கறுத்த திரையையே தரும். எந்தக் கிளிப்பும் எந்தப் புரோகிராமரும் அதை வெல்லா. அந்தப் போட்டை மீட்க எளிய வழி, அது வந்தபோது தன்னிடம் வைத்திருந்த அதன் சொந்தப் பிரதியே. மாற்றத்தை இந்தப் போட்டில் வைக்க இயலாது என்று உரிமையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது இன்னொன்று. போட்டோடு சேர்ந்து, அதிலுள்ள ரிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப்பும் போய்விடுகிறது. வன்தட்டு பிற்லொக்கர் முறையாற் பூட்டப்பட்டிருந்தால், திறவுகோல் அந்தச் சிப்பில் இருந்தபடியால், புதிய போட்டில் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பலர் தம் வட்டு பூட்டப்பட்டிருப்பதையே அறியார். விண்டோஸ் தானாகப் பூட்டிவைத்திருக்கும். அந்த எண் பெரும்பாலும் அவர்களுடைய மைக்ரோசொவ்ற் கணக்கிற் கிடைக்கும். ஆனால் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவரும், வேறொருவர் திறந்துகொடுத்த கணக்கைப் பாவிப்பவரும் நம் ஊரில் அநேகர். பழைய போட் அரைகுறையாகவேனும் எழும்பும் நிலையில் இருக்கும்போதே இதைக் கேட்டு, எண்ணைத் தேடி எடுத்து, அல்லது பூட்டைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இறந்துபோன தாயாரின் படங்களெல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன என்று ஒருவர் என் எதிரில் நின்று சொன்னபோது சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிரதிகளை நாம் நமக்குள் பரிமாறிக்கொண்டால் என்ன என்று சில தம்பிமார் கேட்டார்கள். நல்ல எண்ணந்தான், ஆனால் நிபந்தனையோடு. முழுப் பிரதியில் யந்திரத்தின் அடையாளங்களும் மக் முகவரியும், 2012இன் பின் வந்தவற்றில் விண்டோஸின் உரிம எண்ணும் இருக்கலாம். அவை உரிமையாளரின் சொத்து. ஒரே பிரதியைப் பாடசாலைக் கணினி அறையொன்றின் யந்திரங்கள் எல்லாவற்றிலும் எழுதிவிட்டால், அனைத்துக்கும் ஒரே மக் முகவரி அமைந்து, ஒன்று வலையில் ஏறும்போது மற்றது விழும். கம்பியையும் சுவிச்சையும் மாற்றி மாற்றி ஆசிரியர்கள் அலுத்துப்போவார்கள். ஆதலின் பகிர்வதாயின், அடையாளப் பகுதிகளை நீக்கிவிட்டு, மனேஜ்மென்ட் என்ஜின் பகுதியையும் விவரணப் பகுதியையும் மட்டும், போட்டின் பதிப்பெண்ணைக் குறித்துப் பகிர்வோம். இணையத்தில் இறக்கிய கோப்புகளை எழுதுமுன் எச்சரிக்கையாக இருக்கவும் வேண்டுகிறேன். 1998இல் தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹௌ எழுதிய சிஐஎச் என்னும் நச்சுநிரல், மறு ஆண்டு ஏப்ரல் 26ஆந் தேதி உலகெங்கும் பல கணினிகளின் பயோஸை அழித்து அவற்றை எழும்பாமற் செய்தது. எழுதக்கூடிய சிப், கெட்டதையும் எழுதவிடும்.

நமது கடைகளுக்குள் இதனை நடைமுறைக்குக் கொண்டுவர நான் செய்யக்கூடியது சிறிது. 1.8 வோல்ற் அடப்டரும், தரவுக் கம்பியின் வோல்ற்றைத் திருத்திய புரோகிராமரும், நல்ல கிளிப் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இவை இல்லாத அன்பர்கள் போட்டைக் கொண்டுவந்தால் பிரதி எடுத்துத் தருவேன், அதற்குக் கட்டணம் இல்லை. எக்ஸ்230, ரி430 ஆகிய வகைகளின் அடையாளம் நீக்கிய பகுதிகள் சில என்னிடம் சேர்ந்துள்ளன, அவற்றையும் பெற்றுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் மட்டும் கடை பூட்டியிருக்கும். வரும்போது பழைய போட்டையும் தவறாமல் எடுத்துவாருங்கள். எறிந்திருந்தால் எங்கே எறிந்தீர்கள் என்பதையாவது விசாரித்துக்கொண்டு வாருங்கள், சிப் இன்னும் கிடைக்கக்கூடும்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலன்பன்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.